கை எம்பிராய்டரி பழகத் தொடங்குகிறவர்களுக்கு: என்ன வாங்குவது, எந்தத் தையலில் தொடங்குவது, எங்கே பணம் வீணாகும்

எம்பிராய்டரி வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எந்தத் தையலை முதலில் பழகுவது, எந்த நூலை வாங்கக் கூடாது, வகுப்புக்கு எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்று வரிசையாகச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. நான் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் கேட்டு, பணமும் நேரமும் போன பிறகுதான் ஒரு ஒழுங்குக்கு வந்தேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது திருச்சி. கீழே சொல்லும் விலைகள் எல்லாம் சின்னக்கடை வீதிப் பக்கம் வாங்கிய கணக்கு. உங்கள் ஊரில் பத்து இருபது ரூபாய் ஏறலாம், இறங்கலாம்.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஏழு தையல் சுத்தமாக வந்துவிட்டால் பூ, கொடி, இலை, எழுத்து, பறவை எல்லாம் போட்டுவிடலாம். "நூறு தையல் கற்றுத் தருகிறோம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நூறையும் ஒவ்வொரு முறை போட்டுப் பார்த்தவரைவிட, ஏழு தையலை நூறு முறை போட்டவர் கைவேலைதான் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

1. ஆரியா, சாதா ஊசியா? முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் இன்று எம்பிராய்டரி என்றாலே பலருக்கு ஆரி ஒர்க் ப்ளவுஸ்தான் நினைவுக்கு வருகிறது. ஆரியும் சாதா ஊசி எம்பிராய்டரியும் வேறு வேறு வேலை. ஆரியில் முனை கொக்கி போல வளைந்த ஊசி. துணியை ஸ்டாண்டில் நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, நூலை அடியில் பிடித்துக்கொண்டு மேலிருந்து கொக்கியால் இழுக்க வேண்டும். அடிப்படை முழுக்க செயின் ஸ்டிச். சாதா ஊசி வேலைக்குக் கையடக்கமான ரிங், காதுள்ள ஊசி, ஆறு இழை நூல் இருந்தால் போதும்.

கல்யாண ப்ளவுஸ் போட்டுச் சம்பாதிப்பது மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால் நேராக ஆரிக்குப் போங்கள். ஸ்டாண்டு, ஊசி, ஜரி, சுகர் பீட்ஸ், குந்தன் கல் என்று தொடக்கத்திலேயே சில ஆயிரங்கள் ஆகும். கைக்குட்டை, குழந்தை கவுன், தலையணை உறை, சுடிதார் கழுத்து, பரிசுப் பொருள் என்று பலதும் செய்ய ஆசை இருந்தால் சாதா ஊசியில் தொடங்குங்கள். செலவு ஐநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். கை இரண்டிலும் நிற்காது.

இனி வருவது சாதா ஊசி வேலைக்கானது. துணி, சாயம், வகுப்பு பற்றிச் சொல்வது ஆரிக்காரர்களுக்கும் பொருந்தும்.

2. முதல் கொள்முதல்: ஐநூறு ரூபாய்க்குள்

ரிங்: பித்தளைத் திருகு வைத்த மர ரிங், 6 அங்குலம், ஒன்று போதும். 50 முதல் 80 ரூபாய். கடையிலேயே உள் வளையத்தை வெளி வளையத்துக்குள் வைத்துத் திருகை இறுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அது கோணிய ரிங். துணி அந்த இடத்தில் நழுவிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் உள் வளையம் முழுக்கப் பருத்தி நாடாவைச் சுற்றித் தைத்துவிடுங்கள். துணி நழுவாது, ரிங் தடமும் அவ்வளவாக விழாது.

ஊசி: "எம்பிராய்டரி ஊசி" என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தையல் ஊசியின் காது சின்னது, இரண்டு மூன்று இழை நுழைவதற்குள் நூல் பிசிறிவிடும். எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். 7, 8, 9 கலந்த பாக்கெட் ஒன்று முப்பது ரூபாய் அளவில் கிடைக்கும். இழை கட்டம் கட்டமாகத் தெரியும் மேட்டித் துணியில் கிராஸ் ஸ்டிச் போட மட்டும் முனை மழுங்கிய ஊசி வேண்டும்.

நூல்: ஆறு இழை காட்டன் நூல். ஆங்கர் எல்லா ஊரிலும் கிடைக்கும். ஒரு கட்டில் 8 மீட்டர். சிவப்பு, மஞ்சள், இரண்டு பச்சை, நீலம், கறுப்பு என்று ஆறு கட்டு போதும். அதில் சுற்றியிருக்கும் பேப்பர் லேபிளைக் கழற்றி எறியாதீர்கள், நிற எண் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் எண் வேறு. ஆங்கரில் கறுப்பு 403, அதே கறுப்பு டிஎம்சியில் 310. பாதி வேலையில் நூல் தீர்ந்து, கடைக்காரரிடம் "அந்த இளம் பச்சை" என்று கேட்டால் அவர் எதை எடுத்துத் தருவார்?

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆன்லைனில் பெயர் இல்லாத ஐம்பது வண்ணம், நூறு வண்ணம் பெட்டி சல்லிசாக வரும். பார்க்க ஆசையாக இருக்கும். அதில் பலவும் சாயம் போகும், இழை சீராக இருக்காது, தைக்கத் தைக்க முறுக்கு அவிழும். அதேபோல வளையல் சுற்றுகிற சில்க் த்ரெட் ரீலையும் இப்போது வாங்க வேண்டாம். வழவழவென்று நழுவுவதால் பழகாத கையில் ஒரு தையல்கூட நிற்காது. ஜரி நூல் அதற்கும் அடுத்த கட்டம்.

துணி: காடா துணி ஒரு மீட்டர், அல்லது வெள்ளை கேஸ்மென்ட். காடா விலை குறைவு, ஊசி சுலபமாக இறங்கும், எத்தனை முறை பிரித்தாலும் தாங்கும். பாலியஸ்டர் கலந்தது, இழுத்தால் நீள்வது, ஷிஃபான் மூன்றும் பழகும் காலத்துக்கு ஆகாது.

இவற்றோடு கூர்முனைச் சின்னக் கத்தரிக்கோல் ஒன்றும், தண்ணீரில் அழியும் நீல நிறப் பேனா ஒன்றும், தையல் கடையில் கிடைக்கும் மஞ்சள் கார்பன் ஒரு தாளும். ஸ்டேஷனரிக் கடை கறுப்பு கார்பன் பக்கமே போகாதீர்கள். அந்தக் கறை எந்த சோப்புக்கும் போகாது.

3. துணியைத் தயார் செய்து டிசைனை இறக்குங்கள்

கடையிலிருந்து வந்த பருத்தித் துணியை அப்படியே ரிங்கில் மாட்டாதீர்கள். ஒருமுறை தண்ணீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். கஞ்சி போகும், சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கும். இதைச் செய்யாவிட்டால் வேலை முடிந்து முதல் சலவையில் துணி சுருங்கும், நூல் சுருங்காது. பூவைச் சுற்றிலும் துணி சுருக்கம் விழுந்து நிற்கும். அதை நீவி எடுக்க வழியே இல்லை.

வெளிர் துணிக்கு டிசைன் இறக்க ஜன்னல் கண்ணாடி போதும். பகல் வெளிச்சத்தில் டிசைன் தாளைக் கண்ணாடியில் ஒட்டி, மேலே துணியை வைத்து நீலப் பேனாவால் வரையுங்கள். வேலை முடிந்ததும் வெறும் பச்சைத் தண்ணீரில் கோடு முழுதும் போகும்வரை அலசிய பிறகுதான் இஸ்திரிப்பெட்டி பக்கம் போக வேண்டும். கோட்டின் மேல் சூடு பட்டால் அது அப்படியே தங்கிவிடும்.

சூடு பட்டால் மறையும் பேனா என்று இன்னொன்று விற்கிறார்கள். இஸ்திரி போட்டதும் மாயமாக மறையும், ஆனால் கடுங்குளிர் பட்டால் மறுபடி தெரியும். அடர்ந்த நிறத் துணியில் வெளிறிய தடமும் விட்டுவிடும். கனடாவில் இருக்கும் அக்காவுக்குப் பரிசு அனுப்புவதாக இருந்தால் அந்தப் பேனாவைத் தொடவே தொடாதீர்கள்.

அடர் நிறத் துணிக்கு மஞ்சள் கார்பன், அல்லது ப்ளவுஸ் வேலைக்காரர்கள் செய்கிற முறை: ட்ரேசிங் தாளில் டிசைனை வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளை போட்டு, துணிமேல் வைத்து, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்ப்பது. துளை வழியே புள்ளி புள்ளியாக டிசைன் இறங்கும். ஒரே தாளை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். தாளைத் திருப்பிப் போட்டால் இடது கைக்கும் வலது கைக்கும் எதிரெதிர் டிசைன் தயார். அடுப்பு எரியும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். தேய்ப்பதற்கு முன் துணி ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துக் கறை நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ரிங்கில் மாட்டிய துணியை விரலால் தட்டினால் மிருதங்கம் போலச் சத்தம் வர வேண்டும். இறுக்கும்போது மூலைவாக்கில் இழுக்காமல் நேர் இழை வழியே, நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். அன்றைய வேலை முடிந்ததும் ரிங்கைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே வாரக்கணக்கில் வைத்தால் அழுக்கு வட்டம் விழும், திருகுப் பக்கம் கறையும் பிடிக்கலாம்.

4. நூல் பிரிக்கும் முறை

சொல்ல அரை நிமிடம்தான் ஆகும். ஆனால் சிக்கல் விழுந்து வெறுத்துப்போய் விட்டுவிடுகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

நடுவிரல் நுனியிலிருந்து முழங்கை வரை எவ்வளவோ அவ்வளவு நீளம் வெட்டுங்கள். ஏறக்குறைய 45 செ.மீ. அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு ஒரு மீட்டர் வெட்டினால், துணி வழியே போய்ப் போய் வந்து கடைசிப் பாதி பிசிறிவிடும். தையலில் பளபளப்பே இருக்காது.

வெட்டிய நூலில் ஆறு இழை இருக்கும். இடது கையில் நுனிக்குக் கொஞ்சம் கீழே தளர்வாகப் பிடித்து, வலது கையால் ஒரே ஒரு இழையை மட்டும் நேராக மேலே உருவுங்கள். மிச்சம் ஐந்தும் விரலுக்குக் கீழே சுருண்டு குவியும். பயப்பட வேண்டாம். இழை முழுதும் வெளியே வந்ததும், குவிந்ததைக் கீழே தொங்கவிட்டு ஒருமுறை நீவினால் நேராகிவிடும். மூன்று இழை வேண்டும் என்றாலும் மூன்றையும் ஒன்றொன்றாக உருவி, பிறகு சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். சேர்ந்தாற்போல இரண்டை இழுத்தால் முடிச்சு உறுதி.

பழகும்போது இரண்டு இழை, தடித்த கோட்டுக்கு மூன்று. தைக்கையில் நூல் முறுக்கிக்கொள்வது தெரிந்தால், ரிங்கைத் தலைகீழாகப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள். தானே சுழன்று முறுக்கு தளர்ந்து நிற்கும்.

தொடக்கத்தில் முடிச்சு போடலாமா? பழகும் துணியில் போடுங்கள். கைக்குட்டை, கைக்குழந்தை சட்டை என்றால் வேண்டாம், தோலில் உறுத்தும். அதற்குப் பதிலாக விரலளவு நூலைப் பின்னால் விட்டுத் தொடங்கி, முடிந்த பின் அந்த வாலை ஊசியில் கோத்துப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் நாலைந்து முறை நுழைத்து வெட்டுங்கள்.

5. தையல்களை இந்த வரிசையில் பழகுங்கள்

காடா துணியில் ஒவ்வொரு தையலுக்கும் மூன்று கோடு வரையுங்கள்: 10 செ.மீ. நேர்கோடு, ஒரு வளைவு, ஒரு ரூபாய் நாணயத்தைச் சுற்றி வரைந்த வட்டம். மூன்றிலும் சீராக வந்தால்தான் அடுத்தது.

ரன்னிங் ஸ்டிச்சும் பேக் ஸ்டிச்சும் முதலில். இவை பெரும்பாலும் தெரிந்தவைதான். இங்கே பழகுவது அளவு. ஒவ்வொரு தையலும் மூன்று, நான்கு மில்லிமீட்டருக்குள் ஒரே அளவாக விழ வேண்டும். ஸ்கேல் வைத்துப் புள்ளி வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

மூன்றாவது ஸ்டெம் ஸ்டிச். காம்புத் தையல் என்றும் சொல்வார்கள், கொடியும் தண்டும் இதில்தான். இடமிருந்து வலமாகப் போங்கள். ஊசியை மேலே கொண்டுவந்து, ஒரு தையல் தள்ளிக் கீழே இறக்கி, அந்தத் தையலின் பாதியில் மறுபடி மேலே எடுக்க வேண்டும். இழுக்கும் முன் நூல் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பாருங்கள். ஊசிக்குக் கீழ்ப்பக்கம் என்று தொடங்கினால் கடைசி வரை கீழ்ப்பக்கமே. நடுவில் ஒருமுறை மேலே மாறினாலும் கயிறு போன்ற முறுக்கு அந்த இடத்தில் உடைந்து தெரியும். வளைவு வந்தால் தையலைச் சின்னதாக்குங்கள்.

நான்காவது செயின். கண்ணி இறுகாமல், துணிமேல் படுத்த மாதிரி இருக்க வேண்டும். ஊசியை நூல் வெளியே வந்த அதே துளையில் இறக்குங்கள். முடிக்கும்போது கடைசிக் கண்ணியின் மேல் ஒரு சின்னத் தையல் போட்டுக் கட்டாவிட்டால் மொத்த வரிசையும் உருவி வந்துவிடும். செயினில் ஒரே ஒரு கண்ணியைத் தனியாகப் போட்டுக் கட்டினால் அதுதான் லேசி டெய்சி, ஐந்தாவது. ஐந்து இதழ் போடும்போது கண்ணளவில் போடாமல் இதழ் நுனிகளுக்குப் புள்ளி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாலு இதழ் பெரிதாகி ஐந்தாவதற்கு இடம் இருக்காது.

ஆறாவது சாட்டின். இதற்கு மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நாள் ஒதுக்குங்கள். வேலை அழகா இல்லையா என்று முதல் பார்வையில் காட்டிக்கொடுப்பது இதுதான். இதழின் கோட்டின் மேல் முதலில் பேக் ஸ்டிச்சால் ஒரு வரம்பு போடுங்கள். பிறகு ஓரத்தில் தொடங்காமல், இதழின் அகலமான நடுப்பகுதியில் முதல் தையலைப் போட்டு ஒரு பக்கம் முடித்து, மறுபடி நடுவுக்கு வந்து மறுபக்கத்தை நிரப்புங்கள். தையலின் சாய்வு கடைசிவரை மாறக் கூடாது. ஊசி வரம்புக்கு ஒரு மயிரிழை வெளியே இறங்க வேண்டும். அப்போது வரம்பு உள்ளே மறைந்து ஓரம் கத்தியால் வெட்டியது போலச் சுத்தமாக நிற்கும். தையல் நீளம் ஒரு செ.மீ.யைத் தாண்டக் கூடாது, வளையல் பட்டால்கூடச் சிக்கி இழுக்கும். பெரிய இதழ் என்றால் நடு நரம்பு வரைந்து இரண்டு பாதியாகப் பிரித்துப் போடுங்கள்.

நூலை மிச்சம் பிடிக்கிறேன் என்று, இறங்கிய பக்கத்திலேயே மேலே ஏறி சாட்டின் போடுகிறவர்கள் உண்டு. பின்பக்கம் வெறுமையாக இருக்கும், முன்பக்கம் தையல்கள் இடைவெளி விட்டு விலகும். எப்போதும் ஒரே பக்கத்தில் ஏறி, எதிர்ப்பக்கத்தில் இறங்குங்கள். பின்னாலும் முன்னால் மாதிரியே நிறைந்திருக்க வேண்டும்.

ஏழாவது பிரெஞ்சு நாட். ரிங்கை மேசை ஓரத்தில் முட்டுக்கொடுத்து இரண்டு கையையும் விடுவித்துக்கொள்ளுங்கள். நூலை ஊசியில் ஒன்று அல்லது இரண்டு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். நூல் வந்த துளைக்கு ஓர் இழை தள்ளி ஊசி முனையை இறக்குங்கள். அதே துளையில் இறக்கினால் முடிச்சு பின்பக்கம் போய் விழுந்துவிடும். இறக்கும்போது இடது கையில் நூலை விறைப்பாகப் பிடித்தபடி இருந்து, கடைசி நொடியில் விடுங்கள். பெரிய முடிச்சு வேண்டும் என்றால் சுற்றைக் கூட்டாமல் இழையைக் கூட்டுங்கள்.

பிளாங்கெட், ஃபெதர், ஹெரிங்போன், ஃபிளை எல்லாம் இதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையில் வந்துவிடும். புல்லியன் ரோஜாவுக்கு மட்டும் தனி ஊசி வேண்டும். காது, உடம்பைவிடத் தடிக்காத மில்லினர் ஊசியில்தான் சுற்று உருவி வரும். நிழல் நிறம் சேர்க்கும் லாங் அண்ட் ஷார்ட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6. எவ்வளவு நாள் ஆகும்?

தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்த ஏழும் இரண்டு மாதத்தில் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் உட்காருகிறவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கையின் இறுக்கம் தினசரிப் பழக்கத்தில்தான் படியும்.

வலது கைக்காரர்கள் ஜன்னல் இடப்பக்கம் இருக்கும்படி உட்காருங்கள், கை நிழல் தையலில் விழாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தூரத்தில் எதையாவது பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், தையல் சீராக வரவில்லை என்று கையைக் குறை சொல்லும் முன் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எழும்போது ஊசியை எண்ணி வைப்பது கட்டாயம், முக்கியமாகத் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில்.

7. முதல் உருப்படி பட்டில் வேண்டாம்

கைக்குட்டை, தலையணை உறையின் மூலை, துணிப்பை. இவற்றில் இரண்டு மூன்று முடித்த பிறகு ப்ளவுஸுக்கு வாருங்கள். உள்ளங்கை அளவு பூங்கொத்து ஒன்றுக்குப் புதியவருக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் தொடங்காதீர்கள்.

ப்ளவுஸ் பிட்டை வெட்டும் முன்புதான் எம்பிராய்டரி போட வேண்டும். டெய்லரிடம் கொடுத்து, வெட்டாமல், கழுத்து, கை, தையல் உள்மடிப்பு எல்லாவற்றையும் கோடு போட்டு மட்டும் வாங்குங்கள். கழுத்துக் கோட்டிலிருந்து மடிப்புக்கு இடம் விட்டு, டிசைனைத் தள்ளித் தொடங்க வேண்டும். இதை விட்டால் பாடுபட்டுப் போட்ட கொடியில் பாதி மடிப்புக்குள் போய்விடும். கை ஓரத்திலும் இதே கவனம் வேண்டும்.

பட்டில் ஊசித் துளை அப்படியே நிற்கும், பிரித்துப் போட வழியில்லை. அதனால் அதே டிசைனைக் காடாவில் ஒருமுறை முழுசாகப் போட்டுப் பார்த்த பிறகே பட்டைத் தொடுங்கள். அடியில் மெல்லிய மல் துணி ஒன்றைச் சேர்த்து ரிங்கில் மாட்டினால் துணி சுருங்காது.

8. சாயம், சலவை, இஸ்திரி

சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு இந்த நாலையும் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சோதிக்காமல் வெள்ளைத் துணியில் போடாதீர்கள். ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணிக்குள் மடித்து, மேலே கனமாக எதையாவது வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். கறை பட்டால் அந்த நூல் வேண்டாம்.

முடித்த வேலையில் சாயம் இறங்கிவிட்டால் காயவிடாதீர்கள், காய்ந்தால் போகாது. குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். பெரும்பாலும் போய்விடும்.

இஸ்திரி போடும்போது தடித்த டர்க்கி டவலை விரித்து, எம்பிராய்டரியைக் கவிழ்த்து வைத்துப் பின்பக்கமாகத் தேய்க்க வேண்டும். நேராகத் தேய்த்தால் பிரெஞ்சு நாட்டெல்லாம் நசுங்கிவிடும்.

9. வகுப்பில் சேர்வதாக இருந்தால்: கட்டணம், சான்றிதழ், ஆவணம்

நான் கேட்டறிந்த வரையில் வீட்டில் சொல்லித் தருகிறவர்கள் அடிப்படைத் தையலுக்கு 1500 முதல் 3000 ரூபாய் வரை வாங்குகிறார்கள். ஆரி என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள். ஆசிரியர் போட்டதைக் காட்டுவார்கள், மாணவிகள் போட்டதைக் காட்டச் சொல்லுங்கள். பொருள் கட்டணத்தில் அடங்குமா? ஒரு நாள் வராவிட்டால் மறுபடி சொல்லித் தருவார்களா? சான்றிதழுக்குத் தனிப் பணமா? நான் போன ஓர் இடத்தில் சான்றிதழ்க் கட்டணம் பற்றிக் கடைசி வாரத்தில்தான் வாய் திறந்தார்கள். எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள்.

"அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற வார்த்தையை அப்படியே நம்ப வேண்டாம். எந்த அமைப்பு தருகிறது, சான்றிதழில் யார் முத்திரை இருக்கும் என்று கேட்டு, பழைய சான்றிதழ் ஒன்றின் நகலைப் பாருங்கள். எம்எஸ்எம்இ பதிவு எண்ணைக் காட்டி அங்கீகாரம் என்பவர்கள் உண்டு. அது அவர்கள் தொழிலைப் பதிவு செய்ததற்கான எண், பாடத்துக்கான அங்கீகாரம் இல்லை. ஐடிஐயில் எம்பிராய்டரிக்கு ஓராண்டுப் படிப்பு இருக்கிறது, ஆனால் எல்லா ஐடிஐயிலும் இருக்காது.

பணம் செலவில்லாமல் கற்க, மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையத்தை விசாரியுங்கள். ஆர்செட்டி என்றால் தெரியும். பயிற்சியும் சாப்பாடும் இலவசம். கிராமப்புறக் குடும்பங்களுக்கு முன்னுரிமை. 18 வயது ஆகியிருக்க வேண்டும், மேல் வயது வரம்பை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எம்பிராய்டரி வகுப்பு எப்போதும் நடக்காது, ஆள் சேர்ந்தால்தான் தொடங்கும். அதனால் நேரில் போய்ப் பெயரும் கைபேசி எண்ணும் கொடுத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போன் போட்டுக் கேளுங்கள். ஒருமுறை தொடங்கினால் ஒரு மாதம் முழு நாள் வகுப்பு, வீட்டில் அதற்கு ஏற்பாடு செய்துகொண்டு சேருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக் முதல் பக்க நகல், பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் அளவு போட்டோ. ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் பெயர் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். போகும் முன் இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரோடு இணைத்த கைபேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும்.

10. ஆர்டர் எடுக்கத் தொடங்கும்போது

விலையை டிசைன் அளவில் சொல்லாதீர்கள், நேரத்தில் சொல்லுங்கள். காடாவில் போட்டுப் பார்க்கும்போதே எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வைத்தால் கணக்கு கையில் இருக்கும். உங்கள் ஊரில் தையல் வேலைக்கு ஒரு நாள் கூலி எவ்வளவோ, அதை எட்டால் வகுத்தால் வரும் தொகைக்குக் கீழே ஒரு மணி நேரத்துக்கு இறங்க வேண்டாம். நூல் செலவு தனி. "கைவேலைதானே, சும்மா இருக்கிற நேரத்தில் போடுவதுதானே" என்று கேட்பவர்களுக்காக விலையைக் குறைத்தால், அடுத்த வீட்டில் இதை நம்பிச் சாப்பிடுகிறவரின் கூலியையும் சேர்த்துக் குறைக்கிறீர்கள்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் கார்டும் போதும், அரசு தளத்தில் கட்டணம் கிடையாது. அதே மாதிரி தோற்றத்தில் இருக்கும் தனியார் தளங்கள் ஆயிரம் இரண்டாயிரம் என்று கேட்கும், முகவரி gov.in என்று முடிகிறதா பாருங்கள். வாடிக்கையாளர் துணியில் வேலை செய்து கொடுப்பது சேவைக் கணக்கில் வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பற்றி இப்போது கவலை வேண்டாம். தொடர்ந்து செய்யப் போகிறீர்கள் என்றால் ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். 'பெஹ்சான்' அட்டை என்பார்கள், அதற்கும் கட்டணம் இல்லை. உங்கள் கைவேலையைச் செய்து காட்டச் சொல்லலாம், அதனால் பழகிய காடா துணிகளைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

ஒரு வேண்டுகோள். சிவப்பும் கறுப்பும் நூலில் தோடர் பூவேலை மாதிரி ஒன்றைப் போட்டு "தோடா எம்பிராய்டரி" என்று விற்காதீர்கள். நீலகிரித் தோடர் பெண்கள் டிசைன் வரையாமல் துணி இழையை எண்ணிப் போடுகிற வேலை அது, 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயர் அவர்களுடையது.

ஆர்டர் நோட்டு ஒன்று வையுங்கள். வாடிக்கையாளர் பெயர், துணி வாங்கிய தேதி, கொடுக்க வேண்டிய தேதி, பாதி முன்பணம் வாங்கிய கையெழுத்து. துணியில் ஏற்கெனவே கறையோ கிழிசலோ இருந்தால் அவர் எதிரிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய ஒவ்வொரு நூலின் லேபிளையும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து "ஒரு இதழ் பிரிஞ்சிருச்சு அக்கா" என்று வந்து நின்றால், அதே நூலை வாங்கிப் போட்டுக் கொடுக்கலாம்.